எழுபது வயதுப் படகுக்கு முதல் பிறந்தநாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். எழுத்து கோணல்மாணலாக வரும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்று மறந்துபோகும். மறந்தது நினைவுக்கு வரும்போது சொல்ல வந்தது போயிருக்கும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மறதி ஒரு சீதனம். மூத்தவள் என்பதால் அக்காவுக்கு முதலில் கொடுத்தார்கள்.

நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். காகிதம் என் முகத்தைப் பார்க்காது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். அக்கா மகள் லட்சுமி காரிமங்கலத்தில் டீச்சர். "கனடாவுல இருக்கறத எழுதுங்க சின்னம்மா. நம்மூரு மாசப் பத்திரிகையில போடறாங்களாம். பிழை இருந்தா நான் திருத்திக் குடுக்கறேன்" என்றாள். ஆகவே பிழைக்கெல்லாம் அவளைப் பிடியுங்கள்.

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டார் ஒரு பிறந்தநாள் கொண்டாடினார்கள். இரண்டு தட்டுக் கேக், மேலே ஒற்றை மெழுகுவத்தி. பேத்திக்கு இல்லை, மகனுக்கு இல்லை. ஏரிக்கரையில் கட்டியிருக்கிற மரப் படகுக்கு. அந்தப் படகு செய்து எழுபது வருஷம் ஆகிறது. ஆனால் ஜாதகப்படி அதற்கு ஒரு வயதுதான். என் பாஸ்போர்ட்டில் இருக்கும் பிறந்த தேதி பள்ளிக்கூடத்து வாத்தியார் தன் வசதிக்குப் போட்டது. அதற்கும் கேக் உண்டு. ஒரு தட்டு.

நாங்கள் பென்னாகரம் பக்கத்துக்காரர்கள். வீட்டுக்காரர் போன பிறகு மகன் செல்வம் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். எட்டு வருஷம் ஆகிறது. டொரொண்டோவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் போனால் ஒரு ஏரி, அதைச் சுற்றி ஒரு ஊர். வீட்டில் செல்வம், மருமகள் கவிதா, பேத்தி நிலா, நான். காலையில் மூன்று பேரும் மூன்று கதவைச் சாத்திக்கொண்டு போவார்கள். நான் கேழ்வரகு மாவைக் கொட்டிக் களி கிண்டுவேன், கிண்டியதை நானே தின்பேன். நிலா ஒரு தடவை எட்டிப் பார்த்து, "ஆயா, இது சிமெண்ட்டா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாளே என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்.

2

செல்வம் கம்ப்யூட்டர் வேலைக்காரன். அவன் கையில் சுத்தியலை நான் பார்த்ததே இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், எங்கேயோ ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்த இந்தப் படகை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். பதினெட்டு அடி நீளம். உள்ளே கோழி அடைந்த நாற்றம்.

"என்னாப்பா இது?"

"மோட்டார் படகும்மா. மகாகனி மரம். இப்பல்லாம் இந்த மாதிரி யாருமே செய்யறதில்ல."

"தப்பிச்சாங்க" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. பலகையைத் தடவிக்கொண்டே இருந்தான். என் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னால், "கவிதாகிட்ட சொல்லும்மா" என்கிறவன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள், வாய் அறுபது வயது மூத்தது.

"யாரு, உம்மவன் செல்வமா? ஒகேனக்கல்ல பரிசல்ல ஏத்துனதுக்கு, ஏழு வயசுப் பையன் எம்மடியில வாந்தி எடுத்து ஊரக் கூட்டுனானே, அவனா கப்பல் வுடறான்?"

"கப்பல் இல்லக்கா, படகு."

"தண்ணி மேல போனா எல்லாங் கப்பல்தாண்டி. அது கெடக்கட்டும், நீ எப்ப வர்ற?"

அதைத்தான் செல்வத்திடம் கேட்டேன். "இந்தப் படகு முடியட்டும்மா. தண்ணியில வுட்ட மறுவாரம் உன்னை நானே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான். நான் தனியாகப் போகிற ஆள் இல்லை. இரண்டு விமானம் மாற வேண்டும், நாலு இடத்தில் பதில் சொல்ல வேண்டும். கடையில் பில் போடுகிற பெண் "ஹவ் ஆர் யூ" என்று கேட்டாலே நான் பையைப் பார்ப்பேன்.

அதனால் படகுக்குக் காத்திருந்தேன். இங்கே ஏரி கல்லாக உறைந்துவிடும். படகு விடுவதற்கு வருஷத்தில் ஐந்து மாசம்தான் பருவம். ஒரு பருவம் தவறினால் அடுத்த வருஷம். முதல் வருஷம் தவறியது. அப்போது அக்கா போனில் என் இருமலை வைத்தே நான்தான் என்று சொல்வாள். இரண்டாம் வருஷமும் தவறியது. "மாதம்மா பேசறேன்" என்றதற்கு, "எந்த மாதம்மா? மேலத்தெரு மாதம்மாளா?" என்று கேட்டாள். மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிறு, போனைக் கீழே வைக்காமலே உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "லட்சுமி, யாரோ ஒரு பொம்பள மரியாதையாப் பேசறா. ஒக்காரச் சொல்லிக் காப்பி குடு."

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அக்கா நினைவிலிருந்து என் குரல் போய்விட்டது, முகமும் மறப்பதற்குள் அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்கு ஒரு படகு மிதக்க வேண்டியிருந்தது.

3

படகு வேலையை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வருஷம் முழுக்கச் சுரண்டினான். இரண்டாம் வருஷம் அடிப்பலகையைக் கழற்றி, உள்ளே இருந்த விலா எலும்பு மாதிரியான சட்டங்களை மாற்றினான். புதுச் சட்டத்தை வளைக்க ஒரு நீளப் பெட்டி செய்து, அதற்குள் கட்டையை வைத்து, கெட்டிலிலிருந்து குழாய் வழியாக ஆவி விட்டான். இட்லி வெந்துவிட்டதா என்று திறந்து பார்க்கத் தெரியாதவன், கட்டைக்கு இட்லிப் பதம் பார்த்தான். வெந்ததும் கையுறை போட்டுக்கொண்டு ஓடுவான். ஆறுவதற்குள் வளைக்க வேண்டுமாம். ஐந்து கட்டை ஒடிந்தது. ஆறாவது வளைந்தபோது அவன் சத்தம் போட்டதில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

மூன்றாம் வருஷம் வார்னிஷ். ஒரு கை அடிப்பது, காயவிடுவது, உப்புத்தாளால் தேய்ப்பது, மறுபடி அடிப்பது. பதினோரு கை. "தேய்க்கறதுன்னா எதுக்குப்பா அடிக்கற?" என்றேன். "தேய்ச்சாத்தாம்மா அடுத்த கை புடிக்கும்" என்றான். கல்யாண வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறானோ என்று கவிதா ஒரு பார்வை பார்த்தாள்.

குளிருக்குப் படகைச் சுற்றித் தார்ப்பாய் போட்டுக் கொட்டகை கட்டியிருந்தான். அக்கம்பக்கத்தில் யாரோ முனிசிபாலிட்டிக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். இந்த ஊரில் சண்டை போட வாசலுக்கு வரமாட்டார்கள், காகிதம் வரும். ஒரு நாள் அதிகாரி ஒருவர் அட்டையும் பேனாவுமாக வந்தார். நான் மட்டும் வீட்டில். கொட்டகையைக் காட்டி, இதற்குள் யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டார். அது எனக்குப் புரிந்தது. உண்மையைத்தானே சொல்ல வேண்டும்?

"எஸ். மை சன்" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று தடவை சோதனை. கொட்டகைக்குள் கட்டில் இருக்கிறதா, அடுப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். கவிதா ஒரு கட்டுப் படிவம் நிரப்பினாள். "ஏன் அத்தை அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டாளே தவிர, நான் சொன்னது பொய் என்று சொல்லவில்லை.

4

போன வருஷம் ஆனி மாதம் படகு தயார். தண்ணீரில் இறக்குவதுதான் பாக்கி.

கவிதா தர்மபுரி டவுனில் பிறந்து இங்கே பெரிய ஆபீசில் வேலை பார்க்கிறவள். எல்லாவற்றையும் போனில் தேடுவாள், நல்ல நாளை மட்டும் பொம்மிடி ஜோசியரிடம் கேட்பாள். அவரும் போனில் முகம் காட்டுவார். படகு என்றதும் அவர் தடுமாறிவிட்டார்.

"வூடாங்க, வண்டிங்களா?"

"மோட்டார் படகுங்க ஐயா."

"உள்ள படுத்துக்க எடம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப வூடு இல்லீங்க. சக்கரம்?"

"இல்லீங்க."

"அப்ப வண்டியும் இல்லீங்க." கண்ணை மூடி யோசித்தார். "தண்ணியில பொறக்கற சாதி. மொதமொதல்ல தண்ணி படற நேரந்தாங்க அதுக்கு ஜனன நேரம். அதுக்கு முன்னாடி ஒரு சொட்டுப் படக்கூடாது. ஆனி கடைசி ஞாயிறு, உங்க ஊரு நேரம் பத்தரையிலிருந்து பதினொண்ணரை. அத வுட்டா ஆடி, ஆகாதுங்க. அப்பறம் ஆவணிதான்."

எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே தண்ணீர் பார்த்த கட்டை அது. அதற்குப் புதிதாக ஜனன நேரம். கவிதா ஈரத்துணியால் அதைத் துடைக்கக்கூட விடவில்லை. நாற்பது பேருக்கு மஞ்சள் தடவிய பத்திரிகை போனது. செல்வம் மூன்று வாரம் லீவு போட்டான். ஞாயிறு படகு, புதன்கிழமை எனக்கும் அவனுக்கும் பெங்களூர் விமானம். டிக்கெட்டை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் வால்டர் வந்தார். எதிர்வீட்டுக் கிழவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆயுசு முழுக்கப் படகு பழுது பார்த்தவர். செல்வம் வீடியோ பார்த்துச் செய்வான், வீடியோ கைவிட்டால் வால்டரிடம் ஓடுவான். வந்தவர் கையில் எங்கள் மஞ்சள் பத்திரிகை. ஞாயிற்றுக்கிழமை மேல் விரலை வைத்துத் தலையை ஆட்டினார். என்னைப் படகுக்கு அழைத்துப் போய், அடிப்பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிற இடுக்கைக் காட்டினார். ஏரியைக் காட்டினார். மூன்று விரலைத் தூக்கினார். உள்ளங்கையில் கன்னத்தை வைத்துத் தூங்குகிற மாதிரி மூன்று தடவை செய்தார். பிறகு இரண்டு கையையும் ஒன்றாக இறுக்கிச் சேர்த்தார்.

இதற்கு இங்கிலீஷ் எதற்கு? மூன்று ராத்திரி தண்ணீரில் போட்டு வை, மரம் ஊறி இடுக்கு அடைபடும், அப்புறம் விடு என்கிறார். என் வீட்டுக்காரர் மாட்டுவண்டி வைத்திருந்தவர். கோடையில் சக்கரம் காய்ந்து இரும்புப் பட்டை கழன்றால் குட்டையில் போட்டு ஊறவைப்பார். காய்ந்த மரம் குடிக்காமல் இறுகாது.

"டெல் செல், ஓகே?" என்றார் வால்டர். அவர் வாயில் செல்வம் "செல்" ஆகிவிடுவான். மகள் வீட்டுக்குப் போகிறாராம், ஞாயிறு காலையில்தான் வருவாராம்.

"ஓகே" என்றேன்.

"மை சன்" என்றது நான் பேசிய இங்கிலீஷிலேயே பெரிய உண்மை. "ஓகே" என்றது பெரிய பொய்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முகூர்த்தத்துக்கு முன்னால் தண்ணீர் படக்கூடாது என்பாள் கவிதா. படகு ஊறாமல் இறங்காது என்பான் செல்வம். இரண்டு பேரும் சண்டை போட்டு ஆவணி என்று முடிவு செய்வார்கள். ஆவணியில் லீவு இருக்காது. அப்புறம் ஐஸ். அப்புறம் அடுத்த வருஷம். அக்காவுக்கு அடுத்த வருஷம் இருக்கிறதா என்று எந்த ஜோசியரிடம் கேட்பது?

சாயங்காலம் செல்வம் வந்ததும் மனசு கேட்காமல் "செல்வம்" என்றேன்.

"என்னம்மா?"

"களி வேணுமா?"

"வேணாம்மா, பீட்சா சொல்லியிருக்கு."

கொஞ்சம் ஒழுகினால் ஒழுகட்டும், ஞாயிறு படகு இறங்கினால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை கல்யாண வீடாக இருந்தது. பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். படகு ஏற்றிய வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். திருஷ்டி சுற்றப் பூசணிக்காய் கிடைக்காமல் தர்பூசணியைச் சுற்றி உடைத்தார்கள். உள்ளே சிவப்பாக இருந்ததால் குங்குமம் மிச்சம். பிள்ளைகள் திருஷ்டியைப் பொறுக்கித் தின்றார்கள்.

பத்தே முக்காலுக்குப் படகு வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. பளபளவென்று, பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் "காவேரி" என்று எழுதியிருந்தது. செல்வம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படகுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்து நின்றான். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் கீழே குனிந்து பார்த்தான். செருப்பு நனைந்திருந்தது.

"அபிஷேகம் நடக்குது" என்றார் ஒருவர்.

கணுக்கால் போய்விட்டது. ஸீட் நனைந்தது. "ஏங்க, தண்ணி வருதுங்க! ஏங்க!" என்று கவிதா பட்டுப்புடவையோடு ஏரிக்குள் இறங்கினாள். பதினோரு மணிக்குக் "காவேரி" தரை தட்டி, கழுத்தளவு தண்ணீரில் எருமை மாதிரி உட்கார்ந்துவிட்டது. மேலே போட்டிருந்த சாமந்தி மாலை மட்டும் தனியாக மிதந்து போனது.

"முகூர்த்தத்துல ஒரு கொறையும் இல்லீங்க. படகுக்குத்தான் நீச்சல் தெரியல" என்றார் அபிஷேகக்காரர். நாற்பது பேரும் கரையில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவரும் செருப்பைக் கழற்றவில்லை.

வால்டர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். படகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முந்தானை ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தேன். அவர் வீட்டுக்குப் போய், தண்ணீர் இறைக்கும் பம்பு இரண்டு கொண்டுவந்தார். வெளியே இழுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும், ஊறட்டும் என்றார். ஆனால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டது. அதை உடனே கழற்றி உலர்த்த வேண்டும்.

செல்வம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். முகத்தைப் பார்த்தேன். பரிசலில் அக்கா மடியில் அழுத அதே ஏழு வயது முகம். மூன்று வருஷமாக நான் கேலி செய்த படகுதான். ஆனாலும் என் பிள்ளையை நாற்பது பேர் முன்னால் நான்தான் முழுக வைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி பம்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"புதன்கெழம நான் எப்பிடிம்மா வர்றது? பம்பு நின்னா படகு போயிரும். டிக்கெட்ட மாத்திரலாம். ஆவணியில..."

"மாத்த வேணாம். நான் தனியாப் போறேன்."

"நீயா? கடையில பில்லு போடற புள்ளகிட்டவே நீ பேச மாட்ட. கூச்சப்படுவ."

"கூச்சத்தோடயே போறேன்" என்றேன்.

6

நிலா ஒரு அட்டையில் இங்கிலீஷில் எழுதி என் கழுத்தில் மாட்டினாள். இந்தம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், பெங்களூர் போகிறார், தயவு செய்து உதவுங்கள் என்று. சந்தையில் மாட்டுக்கு விலை கட்டி நிறுத்துகிற மாதிரி இருந்தது. ஆனால் வேலை செய்தது. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே போனார்கள். ஒருவரிடமும் நான் பேசவில்லை, ஒருவரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. இவ்வளவுதானா? இதற்கா மூன்று வருஷம் ஒரு படகுக்குக் காத்திருந்தேன்? என்னையே நான் நன்றாகத் திட்டிக்கொண்டேன்.

லட்சுமி காரில் காரிமங்கலத்துக்கு அழைத்துப் போனாள். அக்கா நாற்காலியில் இருந்தாள். முகத்தைப் பார்த்தாள், ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த ஊருங்க?" என்றாள்.

முகமும் போயிருந்தது. "வெளியூருங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

இரண்டாம் நாள் லட்சுமியிடம் மெதுவாகக் கேட்டாள், எனக்குக் கேட்கட்டும் என்கிற மாதிரி. "இவங்க இன்னும் போவலியா?"

மூன்றாம் நாள் மத்தியானம் நான் களி கிண்டி, கீரைக் குழம்பு ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தாள். நாக்கால் எதையோ ஒதுக்கினாள்.

"ஏண்டி மாதம்மா, இத்தன வயசாச்சு, இன்னுமா களியில கட்டி வுடற?"

நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

"நின்னுக்கிட்டு என்னாடி பாக்கற? உம்மவன் கப்பல் வுட்டானா?"

"வுட்டாங்க்கா. முழுவிப் போச்சு."

அக்கா சிரித்தாள். புரையேறி, தலையில் தட்டி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள். "பரிசல்லயே அழுதவன்தான!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சாயங்காலம் வரைக்கும் என் கையை விடவில்லை. மறுநாள் காலையில், "நீங்க யாருங்க?" என்றாள். நான் இருந்த மிச்ச நாளெல்லாம் அப்படித்தான். ஒரு மத்தியானம் கிடைத்தது. அதுவும் என் களியைக் குறை சொல்லித்தான்.

அங்கே இருக்கும்போதே செல்வம் போன் செய்தான்.

"அம்மா, நீ ஏறுன அன்னிக்கே தண்ணி நின்னு போச்சு! மூணே நாள்ல மரம் ஊறி இறுகிருச்சு. இன்னிக்கு இன்ஜினும் ஓடிருச்சு. முன்னாடியே மூணு நாள் போட்டு வெச்சிருக்கணுமாம். வால்டர் உங்கிட்ட வந்து சொன்னாராமே?"

"அவரு இங்கிலீஷு எனக்கெங்கப்பா புரியும்?"

"அதான! நானும் அதையேதான் அவருகிட்டச் சொன்னேன்."

ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை பாருங்கள். அம்மாவுக்குப் புரிந்திருக்கலாமோ என்று ஒரு சந்தேகம்கூட அவனுக்கு வரவில்லை. தப்பித்தேன் என்று சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா?

7

போன ஞாயிறு கேக் வெட்டினார்கள் என்று சொன்னேன் அல்லவா? இப்போது "காவேரி" சொட்டுக்கூட ஒழுகுவதில்லை. வந்தவர்களிடமெல்லாம் செல்வம், ஒரு பெரிய அலை வந்ததால்தான் அன்றைக்குத் தண்ணீர் ஏறியது என்று சொல்கிறான். கவிதாவோ, முகூர்த்த பலத்தால்தான் படகு தப்பியது என்கிறாள். எனக்கு எதிரே வால்டர் கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்தார். யாரும் கவனிக்காத நேரம் மூன்று விரலைத் தூக்கி, கன்னத்தை உள்ளங்கையில் வைத்து, புருவத்தை உயர்த்தினார்.

எட்டு வருஷமாக யாரையும் நேராகப் பார்க்காதவள் அவரை நேராகப் பார்த்தேன். நானும் மூன்று விரலைத் தூக்கினேன். பிறகு ஒற்றை விரலை உதட்டில் வைத்தேன். கிழவருக்குக் கேக் மூக்கில் ஏறிவிட்டது.

செல்வம் தமிழில் எழுதினதைப் படிப்பதில்லை. கவிதா போனில் வராததைப் படிப்பதில்லை. நிலாவுக்குத் தமிழ் படிக்கவே தெரியாது. அந்த நம்பிக்கையில்தான் இதையெல்லாம் எழுதியிருக்கிறேன்.

லட்சுமி, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் நீ ஒரு தடவை சரிபார்த்துவிடு. படகு பதினெட்டு அடியா, இருபதா? வார்னிஷ் பதினோரு கையா, பன்னிரண்டா? ஒடிந்த கட்டை ஐந்தா, ஆறா? எனக்கு நிச்சயம் இல்லை. செல்வத்துக்குப் போன் போட்டுக் கேள், மணிக்கணக்காகச் சொல்வான். அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மூன்றாம் நாள்தானா என்று நீயே நினைவுபடுத்திப் பார், நீதான் பக்கத்தில் இருந்தாய். வால்டர் வியாழக்கிழமை காட்டிய விரல் எத்தனை என்று மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். அது எனக்கு மறக்கவில்லை.